முதலில் தப்பு, அப்புறம் இத்தாலியன்

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் தப்பு வாத்தியார் என்று பெயர். தப்பாகச் சொல்லிக்கொடுக்கிறவர் என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளாதீர்கள். தப்பைச் சொல்லிக்கொடுக்கிறவர். இத்தாலிய மொழி படிக்க வருகிறவர்கள் எங்கெங்கே வழுக்கி விழுவார்கள், எந்தக் காலை முதலில் வைத்து விழுவார்கள் என்பதையெல்லாம் கரைத்துக் குடித்தவர். அந்த மொழியில் சேர்ந்தாற்போல் நாலு வாக்கியம் அவர் பேசி நான் கேட்டதில்லை. கேட்டால், "பேசறது யார் வேணா பேசலாம்" என்பார்.

நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்களின் கையில் நரம்பு தேடுவது என் பிழைப்பு. நான் முதலில் தப்பான இடத்தில் ஊசியைக் குத்திக் காட்டி, "பாத்தீங்களா, இங்க குத்தக் கூடாது" என்று சொல்லிவிட்டு, அப்புறம் சரியான இடத்தில் குத்தினால் என்னை என்ன செய்வார்கள்? என் வீட்டுக்காரரின் வகுப்பு பல வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. அவரை மட்டும் சார் என்று கூப்பிடுகிறார்கள்.

ஆரம்பத்தில் அவர் ஆங்கில வாத்தியார்தான். டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற மொழிப் பயிற்சி நிலையத்தில் சாயங்கால வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் நிலையத்து முதலாளி அவரைக் கூப்பிட்டு, "சார், இத்தாலிக்கு நிறைய பேர் போறாங்க. சமையல் வேலை, முதியோர் இல்லம், கப்பல் வேலைன்னு. நமக்கும் ஒரு இத்தாலியன் வகுப்பு வேணும். நீங்கதான் எடுக்கறீங்க" என்றாராம்.

"எனக்கு இத்தாலியன் தெரியாதுங்களே."

"அடுத்த மாசம்தானே ஆரம்பிக்கிறோம்" என்றாராம் முதலாளி. கீழே இருக்கிற டயர் கடையும் அவருடையதுதான். அவருக்கு எல்லாமே டயர் மாற்றுகிற மாதிரிதான்.

இவர் பழைய புத்தகக் கடைகளில் ஏறி இறங்கி ஒரு புத்தகத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். அட்டையும் முன்பக்கங்களும் போய்விட்டிருந்தன. இத்தாலியன் படிக்கிற ஆங்கிலக்காரர்கள் இடறி விழும் இடங்களை மட்டும் தொகுத்த புத்தகம் அது. மொழியைச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாகம் ஒன்று எங்கேயாவது இருந்திருக்கும். அது கிடைக்கவில்லை. இவரும் தேடவில்லை. ஆக, எந்தப் படி வழுக்கும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு மாடி ஏறின மனிதர் இவர்.

புத்தகத்தின் முறை எளிது. முதலில் ஆங்கிலக்காரன் செய்கிற தப்பு, அடுத்து அது ஏன் தப்பு, கடைசியில் சரியான வாக்கியம். ஆங்கிலக்காரனுக்கு நல்ல முறைதான். ஆனால் இங்கே படிக்க வருகிறவர்கள் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். அந்தத் தப்புகளில் பாதி நம் வாயில் வரவே வராது. வராத தப்பை எப்படித் திருத்துவது? வேறு யாராக இருந்தாலும் அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். இவர் தப்பை வரவழைக்கக் கற்றுக்கொண்டார்.

ஒருநாள் அவர் மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்க அந்த மாடிக்குப் போனேன். பின்பெஞ்சில் உட்காரச் சொன்னார். கீழே டயர் கடையில் காற்றடிக்கிற இயந்திரம் விட்டு விட்டு ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடும்போது வாத்தியார் வாயை மூடிக்கொள்வார். நின்றதும் விட்ட எழுத்திலிருந்து தொடர்வார். முன்வரிசையில் ஒரு சமையற்காரர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது தாண்டியவர், கப்பலில் வேலைக்குப் போகிறவர்.

"எனக்குக் காபி பிடிக்கும். இதை இத்தாலியன்ல சொல்லுங்க."

"மி பியாச்சே இல் கஃபே" என்றார் சமையற்காரர், சட்டென்று.

சரியான பதில். என் வீட்டுக்காரர் முகம் சாம்பிவிட்டது. "எப்படிச் சொன்னீங்க அதை?"

"மி பியாச்சே, எனக்குப் பிடிக்கும். நாம பேசற மாதிரியே இருக்குதுங்க சார். நான் காபியைப் பிடிக்கிறேன்னா சொல்றோம்?"

"தமிழை உள்ள கொண்டுவராதீங்க. இங்கிலீஷ்ல யோசிங்க. ஐ லைக் காபி. இப்போ என்ன தப்பு வரும்?"

"வரலைங்களே சார்."

"வரும். நான்னு ஆரம்பிப்பீங்க. இயோ பியாச்சோம்பீங்க. எங்கே, ஆரம்பிங்க."

அந்த மனிதர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இயோ பியாச்சோ..." என்று இழுத்தார்.

"தப்பு!" என்று மேசையைத் தட்டினார் என் வீட்டுக்காரர். உச்சி குளிர்ந்துவிட்டது அவருக்கு. "அதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? என்னை எல்லாருக்கும் பிடிக்கும்னு அர்த்தம்! இப்படியா ஒருத்தர் தன்னைப் பத்திச் சொல்லிக்கிறது?"

பாவம், சமையற்காரர் தலையைக் குனிந்துகொண்டார். வாத்தியாரே சொல்லவைத்துவிட்டு வாத்தியாரே அதட்டுகிறார் என்பது அவருக்கு உறைக்கவில்லை. சரியாக வந்த பதிலை அழித்துவிட்டு, தப்பையும் அதற்குக் கீழே திருத்தத்தையும் எழுதிக்கொண்டார். வகுப்பு முழுக்க அப்படியே எழுதியது.

அடுத்தது மரியாதை. இத்தாலியனில் நீ என்பதற்கு தூ, நீங்கள் என்பதற்கு லெய். "பெரியவங்கள லெய்னு கூப்பிடணும், அவ்வளவுதானே சார்?" என்றாள் ஒரு பெண். பிறந்ததிலிருந்து நீ, நீங்க என்று பிரித்துப் பேசுகிற பெண்ணுக்கு இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? ஆனால் வாத்தியார் விடுவாரா? ஆங்கிலக்காரனுக்கு அந்த வித்தியாசம் கிடையாதாம். அதனால் அவன் தடுமாறுவானாம். எனவே இந்த வாரம் முழுக்க எல்லாரும் எல்லாரையும் தூ என்றே கூப்பிட வேண்டும், அப்போதுதான் மரியாதை போனால் எப்படி இருக்கும் என்று தெரியும் என்றார். அன்று அந்த மாடியில் சின்னவர்கள் பெரியவர்களையும், எல்லாரும் சேர்ந்து வாத்தியாரையும் நீ நீ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியைக் கொடுத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

வீட்டில் இதைவிட மோசம். கால்டோ என்றால் சூடு. காதில் கோல்டு மாதிரி விழுவதால் ஆங்கிலக்காரனுக்குக் குளிர் என்று தோன்றும். காமெரா என்றால் அறை. பரென்ட்டி என்றால் அப்பா அம்மா இல்லை, சொந்தக்காரர்கள். ஒருநாள், "தண்ணி சூடா இருக்கு, குளிக்க வாங்க" என்றேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்று, "கால்டோன்னு நான் சொல்லியிருந்தா, நீ இங்கிலீஷ்காரியா இருந்தா என்ன நெனச்சிருப்பே?" என்று கேட்டார். "இந்த ஆளைக் கட்டியிருக்க வேண்டாம்னு நெனச்சிருப்பேன்" என்றேன். அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

எங்களுக்கு ஒரே பெண். வளர்ந்து, முதியோர் பராமரிப்புப் படிப்பு முடித்து, ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பெண்ணை இன்றும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். படுத்த படுக்கையாக இருக்கிறவர்களைப் புரட்டி, துடைத்து, ஊட்டி, முகம் சுளிக்காமல் பேசுவாள். கைராசிக்காரி என்று அவளைத் தேடிக் கேட்கிறவர்கள் உண்டு. இத்தாலியில் ஒரு முதியோர் இல்லத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தாள். படிப்பு, அனுபவம் எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். மிச்சம் இருந்தது ஒன்றுதான். அங்கிருந்து வருகிறவர்கள் முன்னால் உட்கார்ந்து அவர்கள் மொழியில் பேசிக்காட்ட வேண்டும். அந்த வேலை அவளுக்குக் கனவு. இரவு வேலைக்குப் போகும்போதுகூட பஸ்ஸில் இத்தாலியன் முணுமுணுத்துக்கொண்டுதான் போவாள்.

வீட்டிலேயே வாத்தியார் இருக்கும்போது வெளியே எதற்குப் போக வேண்டும்? அப்பாவே கற்றுக்கொடுத்தார், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, ஒரு தப்பு விடாமல்.

நேர்காணல் அன்று நான் லீவு போட்டுவிட்டு அவளோடு போனேன். போன வேகத்தில் வெளியே வந்துவிட்டாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"என்னடி கேட்டாங்க?"

"வயசு கேட்டாங்க."

"சொன்னியா?"

"சோனோ வென்டிகுவாத்ரோன்னேன். அப்புறம், 'இது தப்பு, இங்கிலீஷ்காரங்க இப்படித்தான் நான் இருபத்துநாலா இருக்கேன்னு சொல்லுவாங்க, அது கூடாது'ன்னு சொல்லிட்டு, சரியானதைச் சொன்னேன்."

"அப்புறம்?"

"அங்க பரென்ட்டி யாராவது இருக்காங்களான்னு கேட்டாங்க. பரென்ட்டின்னா அப்பா அம்மான்னு நெனைச்சுக்குவாங்க, ஆனா சொந்தக்காரங்கன்னுதான் அர்த்தம்னு சொன்னேன்."

"இருக்காங்களா இல்லையான்னு சொன்னியா?"

"அது விட்டுப்போச்சும்மா." அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு. "ஒரு பெரியம்மா குளிருதுன்னு வெந்நீர் கேட்டா என்ன பண்ணுவேன்னாங்க. கால்டோவுக்கு விளக்கம் சொல்ல ஆரம்பிச்சேன்..."

"நீ சொல்லி முடிக்கிறதுக்குள்ள அந்தப் பெரியம்மா விறைச்சே போயிருப்பாங்க!"

"கேள்வி கேட்ட மேடமும் அதைத்தான் சொன்னாங்க. உங்க வீட்டுல இங்கிலீஷா பேசறீங்கன்னு கேட்டாங்க. இல்ல, தமிழ்தான்னேன். பின்ன ஏன் இங்கிலீஷ்காரங்க தப்பெல்லாம் உனக்கு வருதுன்னாங்க. எங்கப்பா வாத்தியார்னேன்."

கூட இருந்த மொழிபெயர்ப்பாளர் சிரித்துவிட்டாராம். அந்த மேடம் சிரிக்கவில்லை. நல்ல பெண் மாதிரி தெரிகிறாய், இன்னொரு முறை வா, ஆனால் அது கடைசி, அதற்குப் பிறகு இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார் என் வீட்டுக்காரர். பாப்பா நடந்ததைச் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது. "வயசு, பரென்ட்டி, கால்டோ... ஒண்ணையும் விடலையே!" என்றார். "புத்தகத்துல இருக்கிற வரிசைப்படி சொன்னியா?"

அவ்வளவுதான். வாசற்படியில் வைத்தே பிடித்துக்கொண்டேன். "ஏங்க, புத்தி இருக்கா உங்களுக்கு? பதில் தெரிஞ்ச பொண்ணு அவ. பக்கத்து வீட்டுல வயசு கேட்டா எனக்கு இருபத்துநாலுன்னு சொல்லிட்டு வர்ற பொண்ணு. அவளுக்குத் தப்பைக் கட்டிக்கொடுத்து அனுப்பியிருக்கீங்க, டப்பாவுல சோறு கட்டிக்கொடுக்கிற மாதிரி. அவளும் அங்க போய்ப் பிரிச்சு வெச்சுட்டு வந்திருக்கா. இனிமே அவகிட்ட ஒரு எழுத்து, ஒரே ஒரு எழுத்து நீங்க திருத்தக் கூடாது. அந்தப் பரீட்சை முடியற வரைக்கும் இத்தாலின்னு வாயைத் திறந்தீங்க, நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது."

அவர் உள்ளே போய் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கழித்து, நான் காய் நறுக்கிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்தார். "நான் முதல் தடவை வேலைக்கு இன்டர்வியூ போனப்போ ஒரு இங்கிலீஷ் வார்த்தையைத் தப்பாச் சொல்லிட்டேன். ரூம்ல இருந்த அத்தனை பேரும் சிரிச்சாங்க. வெளிய வந்ததுக்கு அப்புறமும் கதவுக்கு அந்தப் பக்கம் சிரிச்சுக்கிட்டிருந்தாங்க. என் பொண்ணைப் பாத்து யாரும் அப்படிச் சிரிக்கக் கூடாதுன்னுதான்..." என்றார்.

எனக்குப் பாவமாக இருந்தது. நிஜமாகவே பாவமாக இருந்தது. ஒரு நாள் சிரிப்புக்குப் பயந்து ஆயுசு முழுக்கத் தப்புகளுக்கு முன்னாலேயே ஓடிக்கொண்டிருக்கிற மனிதரை என்ன செய்ய முடியும்? ஆனாலும் தடையை நீக்கவில்லை. இரக்கப்பட்டால் பாப்பாவின் வேலை போய்விடும்.

பாப்பா பேச ஆரம்பித்தாள். அவளோடு வேலை பார்த்து, முன்பே அங்கே போய்ச் சேர்ந்துவிட்ட சிநேகிதியோடு போனில் பேசினாள். சமையலறையில் நடந்துகொண்டே பாத்திரங்களோடு பேசினாள். என்னோடும் பேசினாள். நான் ஒரு வார்த்தை புரியாமல் ஆமாம் ஆமாம் என்றேன். தப்பு விட்டாள், நிறைய விட்டாள். எல்லாம் அவளே சொந்தமாக விட்ட தப்புகள். பெயர்ச்சொல்லுக்கு முன்னால், ஆங்கிலத்தில் தி போடுகிற மாதிரி, போட வேண்டிய குட்டி வார்த்தைகளையெல்லாம் போடாமல் விட்டாளாம். நம் மொழியில் அந்த வழக்கம் இல்லை, அதனால் மறந்துபோகிறதாம். அடுத்த அறையிலிருந்து என் வீட்டுக்காரர் என்னை ஜாடை காட்டிக் கூப்பிட்டார். முகம் வெளிறியிருந்தது.

"இது புத்தகத்துலயே இல்லாத தப்பு" என்றார், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

"இருக்கட்டும். போய் உக்காருங்க."

உட்கார முடியவில்லை அவரால். அவள் பேசத் தொடங்கினால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிடுவார். அவள் போனை வைத்த பிறகுதான் குழாய் நிற்கும். ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்தேன். நனையாமல் ஓரமாக நின்றுகொண்டு துண்டின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தார். நாளாக நாளாகக் குழாய் திறக்கிற சத்தம் குறைந்தது. ஒருநாள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "சிரிக்கிறாளே" என்றார் என்னிடம். "அந்த மொழியில சிரிச்சுப் பேசலாம்னு எனக்குத் தோணவே இல்ல."

இரண்டாவது நேர்காணலுக்குத் தானும் வருவேன் என்று அடம்பிடித்தார். வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு கூட்டிப்போனேன். அது ஒரு பழைய அலுவலகக் கட்டடம். தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். பாப்பா உள்ளே போனதும் அவர் எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி நின்றார். மூடிய கதவுக்குப் பின்னால் பேச்சு கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை. இந்த முறை சீக்கிரம் முடியவில்லை.

கதவு திறந்தது. பாப்பாவின் கண்கள் சிவந்திருந்தன. நான் பதறிப்போய் எழுந்தேன்.

"எடுத்துக்கிட்டாங்கம்மா" என்றாள்.

அவளைக் கட்டிக்கொண்டேன். "அப்ப எதுக்குடி அழுதே?"

"கடைசியா ஒரு கேள்வி கேட்டாங்க. இங்க யாரை விட்டுட்டுப் போறது உனக்கு ரொம்ப கஷ்டம்னு. அப்பான்னேன்."

எனக்குச் சுருக்கென்றது, ஒளிப்பானேன். பெற்று, வளர்த்து, வாசற்படியில் நின்று அவளுக்காகச் சண்டையும் போட்டவள் நான். பக்கத்திலேயே நிற்கிறேன். ஒரு பேச்சுக்காவது அம்மா என்று சொல்லியிருக்கலாம்.

"ஏன்னு கேட்டாங்க. அவர் என்னைத் திருத்தறதுக்காகத்தான் தினமும் சீக்கிரம் வீட்டுக்கு வருவாரு, நான் போயிட்டா எதுக்கு வருவாருன்னு சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துடுச்சு. அந்த இடத்துல எல்லாம் தப்புத் தப்பா பேசிட்டேன்பா."

என் வீட்டுக்காரர் வாய் திறந்தது. போச்சு, சத்தியம் காற்றில் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

"என்ன தப்பு?" என்றார்.

"ஞாபகம் இல்லப்பா."

"ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு கூட இல்ல. அவங்களும் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க."

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "பரவாயில்ல" என்றார். இத்தனை வருஷத்தில் ஒரு தப்பைப் பற்றி அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. "பரவாயில்ல பாப்பா, பரவாயில்ல" என்று சொல்லிக்கொண்டே அந்தத் தாழ்வாரத்தில், அத்தனை பேர் பார்க்க, விசித்து விசித்து அழுதார். யாரும் சிரிக்கவில்லை.